நீரின் வழியும் காற்றின் வழியும்: கட்டடக் குழாய்ப்பணியின் அடிப்படைத் திறன்கள்

ஒரு கட்டடத்திற்குள் நல்ல நீரைக் கொண்டுவந்து, வேண்டிய இடங்களுக்கெல்லாம் பகிர்ந்து, பயன்பட்ட பின் கழிவாக வெளியேற்றும் குழாய், தொட்டி, வால்வு, கழிகலன் ஆகியவற்றை அமைப்பதும் அவற்றின் பழுதை நீக்குவதும் குழாய்ப்பணி எனப்படும். இத்தொழிலைச் செய்பவரைத் தமிழ்நாட்டில் எல்லோரும் பிளம்பர் என்றே அழைக்கின்றனர். ஈயத்தைக் குறிக்கும் 'பிளம்பம்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. உரோமானியர் ஈயத் தகட்டை உருட்டிக் குழாயாக்கியதன் தடயம் அப்பெயரில் இன்றும் இருக்கிறது. ஆனால் பெயரில் தங்கிய ஈயம் தொழிலிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது. குடிநீரில் கலக்கும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும் என்பது ஐயமற நிறுவப்பட்டபின், பிவிசி குழாய்களின் தயாரிப்பில் சேர்க்கப்பட்டுவந்த ஈயச் சேர்மங்களைப் படிப்படியாக நீக்குவதற்கான விதிகளை இந்திய அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்டது.

குழாய்ப்பணி என்றதும் வெட்டுதல், ஒட்டுதல், முறுக்குதல் ஆகிய கைவேலைகளே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. எனினும், வீடுகளில் நாள்தோறும் நேரும் பழுதுகளை வகைப்படுத்திப் பார்த்தால், தொட்டி நிறைந்திருந்தும் குழாயில் நீர் வாராமை, மோட்டார் ஓடியும் நீர் ஏறாமை, குளியலறையில் சாக்கடை நாற்றம், கழிவறையில் நீர் இறக்கியதும் பக்கத்துக் கைகழுவு தொட்டியில் எழும் களகளவென்ற ஓசை எனப் பெரும்பாலானவற்றின் வேர் நீரில் இல்லை, காற்றில் இருக்கிறது என்பது தெரியவரும். குழாயில் நீர் இல்லாத இடமெல்லாம் காற்று நிறைந்த இடமே. நீர் நுழையும்போது அந்தக் காற்று வெளியேறியாக வேண்டும்; நீர் வடியும்போது அந்த இடத்திற்குக் காற்று வந்தாக வேண்டும். நீரின் வழியை மட்டும் வகுத்தவர் வேலையில் பாதியையே முடித்தவர் என்பதும், குழாய்ப்பணியின் ஒவ்வோர் அடிப்படைத் திறனும் காற்றைப் பற்றிய அறிவோடு பிணைந்தது என்பதும் இவ்வுரையின் கருத்து.

அளவும் மட்டமும்

முதல் திறன் அளத்தல். ஒரு வீட்டிற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. கட்டடங்களின் நீர்த்தேவை பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1172, முழுமையான கழிவு நீக்க வசதியுள்ள இல்லங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கொள்கிறது. அதன்படி ஐந்து பேர் வாழும் வீட்டிற்கு 675 லிட்டர் வேண்டியிருப்பதால், மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி வைப்பது பொருத்தமாகிறது. 1970இல் முதன்முதலாக வெளிவந்து, 2016இல் திருத்தி வெளியிடப்பட்ட தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதி, இத்தகைய கணக்குகளையும் குழாய் விட்டங்களையும் விரிவாகத் தருகிறது.

அடுத்தது மட்டம் பார்த்தல். குறுகிய நீளத்திற்கு ரசமட்டம் போதுமானது. ஓர் அறையின் மூலையிலிருந்து மற்றோர் அறையின் மூலைக்கு மட்டத்தைக் கடத்துவதற்குக் கொத்தனார்கள் கையாளும் ஒளிபுகும் மட்டக் குழாயே எளியதும் நம்பகமானதும் ஆகும். தொடர்ச்சியாக இருக்கும் நீர் தன் இரு முனைகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்னும் இயல்பே அதன் அடிப்படை. ஆனால் அக்குழாயின் வளைவொன்றில் காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டால் நீரின் தொடர்ச்சி அறுபட்டு, இரு முனைகளும் வெவ்வேறு மட்டம் காட்டிவிடும். ஆகவே மட்டக் குழாயை நிரப்பியதும் அதை உயர்த்தித் தட்டிக் குமிழ்களை வெளியேற்றுவது பயிலுநர் கற்கும் முதல் பாடமாகிறது. காற்று இருக்குமிடத்தைத் தேடும் பழக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

தொட்டியிலிருந்து குழாய்முனை வரை

வீட்டுக் குழாயில் நீர் வரும் வேகம் தொட்டியின் பருமனைச் சார்ந்ததன்று. தொட்டியின் நீர்மட்டத்திற்கும் குழாய்முனைக்கும் இடையிலுள்ள உயரத்தைச் சார்ந்தது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்தத்தைத் தருகிறது. தளத்திற்குத் தளம் 3 மீட்டர் உயரமுள்ள இரண்டு அடுக்கு வீட்டில், மொட்டைமாடித் தளத்தின்மேலேயே தொட்டியை அமர்த்தி, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஷவர் பொருத்தினால், தொட்டியின் அடிமட்டத்திலிருந்து மேல்மாடி ஷவருக்கு 1 மீட்டரும் தரைத்தள ஷவருக்கு 4 மீட்டரும் உயர வேறுபாடு கிடைக்கும். கீழே விசையோடு பாயும் நீர் மேலே நூலாக வழிவதற்குக் காரணம் ஷவரின் குறையன்று, இக்கணக்கே. தொட்டியை 2 மீட்டர் உயர மேடையில் ஏற்றிவைத்தால் மேல்மாடி ஷவருக்கான உயரம் மும்மடங்காகிவிடும். இதற்கு நேர்மாறாக, பத்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் அழுத்தம் 3 கிலோகிராம் அளவை எட்டுவதால், அங்கே அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு தேவைப்படுகிறது.

குழாயின் விட்டமும் இங்கே முக்கியமானது. ஓர் அங்குலக் குழாயின் உட்பரப்பு அரை அங்குலக் குழாயினுடையதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை அகலமாகவும், குளியலறைக்குள் பிரியும் கிளைகளை முக்கால் அங்குலமாகவும், குழாய்முனைக்கு அருகில் மட்டும் அரை அங்குலமாகவும் படிப்படியாகக் குறைத்துவருவது முறை. எல்போ எனப்படும் ஒவ்வொரு வளைவிணைப்பும் உராய்வை மிகுதியாக்குவதால், அழுத்தம் குறைந்த மேல்மாடியில் தேவையற்ற திருப்பங்களைத் தவிர்ப்பது நல்லது.

தொட்டியின் வெளிவாயில் வால்வைத் தாண்டியவுடன் டீ எனப்படும் மும்முனை இணைப்பை வைத்து, அதிலிருந்து தொட்டியின் மேல் நீர்மட்டத்தைவிட உயரமாக எழும் ஒரு காற்றுக்குழாயை நிறுத்தி, அதன் முனையைக் கீழ்நோக்கி வளைத்துவிடுவதை மாடிகளில் காணலாம். குழாய்த் தொடர் வற்றி மீண்டும் நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று இதன் வழியாகவே வெளியேறுகிறது. இக்குழாய் இல்லாவிடில், அல்லது கிடைக்குழாய் நடுவில் மேடாக வளைந்து சென்றால், அந்த மேட்டில் தங்கும் காற்று, அழுத்தம் குறைந்த நீரை மறித்துவிடுகிறது. 'ஏர் லாக்' என்று பிளம்பர்கள் சொல்லும் இந்நிலையில் தொட்டி நிறைந்திருந்தும் குழாய் வறண்டிருக்கும். கிடைக்குழாயை ஒரே சீரான வாட்டத்தில், அதாவது ஒரே திசையிலான சாய்வில், அமைப்பதே இதற்கான முன்காப்பு.

கிணற்றிலிருந்தோ கீழ்நிலைத் தொட்டியிலிருந்தோ நீரேற்றும் மோட்டாரிலும் இதே விதி வேறு வடிவில் செயற்படுகிறது. மோட்டார் நீரை இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது உறிஞ்சுகுழாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியிலுள்ள வளிமண்டலமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்த்தம்பம் கடல்மட்டத்தில் சுமார் 10.3 மீட்டர் என்பதால், நடைமுறையில் தரைமேல் வைக்கும் சாதாரண மோட்டார் 7 அல்லது 8 மீட்டருக்குக் கீழிருந்து நீரெடுக்க இயலாது. உறிஞ்சுகுழாயில் ஓர் இணைப்புத் தளர்ந்திருந்தால் மோட்டார் ஓடும்போது அங்கே ஒரு சொட்டு நீரும் வெளியே கசியாது. மாறாக வெளிக்காற்று உள்ளே புகுந்து நீரேற்றத்தைக் கெடுத்துவிடும். கசிவு என்றால் ஈரம் என்று மட்டும் கற்றவர் இப்பழுதைக் காணமாட்டார். ஐயத்திற்குரிய இணைப்புகளின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, நீரேற்றம் சீராகிறதா என்று பார்ப்பது இதற்கு எளிய சோதனை; அடிமுனையில் நீரைத் திரும்பவிடாமல் பிடித்துவைக்கும் ஃபுட் வால்வின் தேய்வையும் உடன் ஆராய வேண்டும்.

இணைத்தலும் சோதித்தலும்

கைத்திறன் மிகுதியும் வெளிப்படுவது இணைப்பில். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்களே பெருவழக்காக இருந்த காலத்தில், முனையில் மரை வெட்டி, சணல் நாரைச் சுற்றி, வெள்ளை ஈயப் பசையைத் தடவி முறுக்குவது வழக்கம்; இன்று சணலின் இடத்தை டெஃப்லான் நாடா பிடித்திருக்கிறது. மரையை முறுக்கும் திசையிலேயே நாடாவைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது அது சுருண்டு பிதுங்கிவிடும். பிளாஸ்டிக் மரையை இரும்பு மரையைப்போல ரெஞ்ச் கொண்டு வலுவாக முறுக்கினால் அன்றே வெடிக்காமல், சில மாதங்கள் கழித்துச் சுவருக்குள் பிளக்கும். அதனால் குழாய்முனைகள் வரும் இடங்களில் பித்தளை மரை பதித்த எல்போவையே பயன்படுத்த வேண்டும்.

சாதாரண பிவிசி குழாய் 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமுள்ள நீருக்கு ஏற்றதன்று. கீசரிலிருந்து வரும் வெந்நீருக்குக் குளோரின் மிகுதியாகச் சேர்க்கப்பட்ட சிபிவிசி குழாய் வேண்டும். இவ்விரு வகைக் குழாய்களிலும் இணைப்புக்குப் பயன்படும் கரைப்பான் பசை, காகிதத்தைப் பிசின் ஒட்டுவதைப்போல இரு பரப்புகளுக்கிடையே நின்று பிடிப்பதன்று. இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்கி, பின் ஆவியாகிவிடுவது. எனவே ஒன்றிற்கான பசையை மற்றொன்றிற்குப் பயன்படுத்தலாகாது. குழாயைச் செங்கோணமாக வெட்டி, பிசிறை அரத்தால் நீக்கி, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்து, நுழையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு, ஈரமும் தூசியும் துடைத்த பின்னரே பசையைத் தடவ வேண்டும். கால் சுற்றுத் திருப்பியவாறு குறிவரை செலுத்தி, அரை நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் குழாய் தானே பின்னோக்கித் தள்ளப்படும். சூடாக்கி உருக்கி இணைக்கும் பிபிஆர் குழாய்களில் பசைக்கு இடமில்லை. சுமார் 260 டிகிரி வெப்பமுள்ள கருவியில் இரு முனைகளையும் இளக்கி, தாமதமின்றி நேராகச் செருக வேண்டும்.

சுவரில் காடி வெட்டிப் பதித்த குழாயின்மேல் பூச்சு ஏறுவதற்குமுன் அழுத்தச் சோதனை செய்தாக வேண்டும். பணியழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தைக் கைப்பம்பால் ஏற்றி, அளவுமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது அதன் சாரம். இங்கும் காற்று ஏமாற்றும். நீர் சுருங்காது என்றே சொல்லலாம், காற்றோ சுருங்கும். குழாயில் காற்று தங்கியிருந்தால் அது வில்போல அமுங்கி நின்று, சிறு கசிவு இருந்தாலும் முள்ளை உடனே இறங்கவிடாது. ஆகவே நீரை மெல்ல நிரப்பி, மிக உயர்ந்த முனையைத் திறந்துவைத்து, அங்கே குமிழின்றி நீர் வழிந்த பின்னரே அழுத்தம் ஏற்ற வேண்டும். நீருக்குப் பதிலாக அழுத்தப்பட்ட காற்றையே செலுத்திப் பிளாஸ்டிக் குழாயைச் சோதிப்பது பேரிடருக்கு இடமளிப்பதாகும். அமுக்கிய காற்றில் சேர்ந்துள்ள ஆற்றல் குழாய் உடையும்போது சில்லுகளை எறியும்.

கழிவின் போக்கும் நீர்ப்பூட்டும்

நன்னீர்க் குழாய் நிரம்பி அழுத்தத்தில் ஓடுவது. கழிவுநீர்க் குழாயோ நிரம்பாமல், தன் எடையால் தானே ஓடுவது. அதன் மேற்பாதி காற்றுக்கு உரிய இடம். கொத்தனார்கள் சொல்லும் வாட்டம் இங்கேதான் தன் முழுப் பொருளைப் பெறுகிறது. நொடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் ஓடும் கழிவுநீர் தன்னுடன் வரும் திண்மத்தைப் படியவிடாமல் அடித்துச் செல்லும் எனக் கணித்திருக்கின்றனர். 4 அங்குலக் குழாய்க்கு 40 முதல் 60 அடிக்கு ஓரடி என்னும் அளவில் வாட்டம் விட்டால் அவ்வேகம் நடைமுறையில் கிடைக்கும். வாட்டம் குறைந்தால் கழிவு தேங்கும் என்பதை எல்லோரும் அறிவர். வாட்டம் மிக அதிகமானால் நீர் மட்டும் முந்தி ஓடி, திண்மம் பின்தங்கிக் காய்ந்துவிடக்கூடும் என்பதைப் பயின்றவரே அறிவர்.

கழிவுக்குழாயின் காற்று வீட்டிற்குள் வாராதிருக்க ஒவ்வொரு கழிகலனுக்கும் கீழே வளைவான டிராப் வைக்கப்படுகிறது. அவ்வளைவில் எப்போதும் தங்கியிருக்கும் நீரே கதவாக நிற்பதால் அதை நீர்ப்பூட்டு எனலாம். அதன் ஆழம் பொதுவாக 50 மில்லிமீட்டர். 1775இல் இலண்டனில் கடிகாரத் தொழிலராக இருந்த அலெக்சாண்டர் கம்மிங், எஸ் வடிவ வளைவுடைய கழிகலனுக்கு உரிமம் பெற்றதிலிருந்து இவ்வமைப்பு பரவியது. குளியலறைத் தரையில் பதிக்கும் நானி டிராப், கைகழுவு தொட்டியின் கீழுள்ள பாட்டில் டிராப், வீட்டிற்கு வெளியே சேம்பர் எனப்படும் ஆய்வுத்தொட்டிக்குமுன் அமையும் கல்லி டிராப் ஆகிய எல்லாம் இதே கருத்தின் வடிவ வேறுபாடுகளே.

இரண்டு அங்குல நீரால் ஆன இப்பூட்டு மூன்று வகைகளில் திறந்துவிடும். மேல்தளத்திலிருந்து பெருமளவு நீர் ஒரே குழாயில் விழும்போது அதன் பின்னே உண்டாகும் வெற்றிடம், பக்கக் கிளைகளின் டிராப் நீரை உறிஞ்சிவிடும். அவ்வாறே விழும் நீரின் முன்னே நெருக்குண்ட காற்று, கீழ்த்தள டிராப்பின் நீரை மேல்நோக்கித் தள்ளும். பயன்படாத அறையில் நீர் ஆவியாகியே வற்றிவிடும். முதலிரண்டிற்கும் மருந்து, மொட்டைமாடிக்கு மேல் திறந்து நிற்கும் வென்ட் குழாய். அதைச் செலவு மிச்சமென்று தவிர்ப்பதும், மாடியில் புதிதாக அறை எழுப்பும்போது வெட்டி மூடிவிடுவதும் நாற்றத்தை வீட்டிற்குள் அழைப்பதற்குச் சமம். மூன்றாவதற்கு, பயன்படாத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றினாலே போதும்.

இது நாற்றம் மட்டும் சார்ந்ததன்று. 2003இல் ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் தாக்கியபோது, அதை ஆராய்ந்தவர்கள் காட்டிய காரணங்களுள் முதன்மையானது வறண்டுபோன தரை டிராப்கள். குளியலறையின் வெளியேற்று விசிறி ஓடியபோது உண்டான இழுப்பில், கழிவுக்குழாயின் நுண்துளிகள் நீரற்ற டிராப் வழியாக அறைகளுக்குள் வந்தன.

பின்னோட்டம்

நன்னீர்க் குழாயும் வெற்றிடத்திற்கு ஆட்படும். ஒரு வாளியின் அழுக்கு நீருக்குள் ரப்பர் குழாயின் முனை மூழ்கியிருக்கும்போது, வழங்குகுழாயில் அழுத்தம் திடீரென விழுந்தால், வாளியின் நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுக் குடிநீரில் கலந்துவிடும். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது இரண்டு விடுதிகளில் பிழையான குழாய் இணைப்புகளால் கழிவுநீர் குடிநீரில் கலந்து பரவிய அமீபா சீதபேதிக்கு 98 பேர் பலியாயினர். குழாய்முனைக்கும் தொட்டியின் வழிமட்டத்திற்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல இரு மடங்கு, எவ்வாறாயினும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாத, காற்றிடைவெளி விடுவதே இதற்கு மலிவான, தவறாத காப்பு.

சில மணி நேரம் மட்டுமே நீர் வழங்கப்படும் தமிழ்நாட்டு நகரங்களுக்கு இப்பாடம் மிகவும் உரியது. நீர் நின்ற வேளையில் தெருக்குழாய் வெறுமையாகி, சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தையும் சாக்கடைக் கசிவையும் விரிசல்கள் வழியே இழுக்கிறது. தெருக்குழாயிலேயே நேரடியாக மோட்டாரைப் பொருத்தும் வழக்கம் இவ்விழுப்பைப் பன்மடங்காக்குகிறது. அண்டை வீட்டின் பங்கை எடுத்துக்கொள்வதோடு, தெரு முழுவதற்கும் நோயின் வாயிலைத் திறக்கிறது. நீர் கீழ்நிலைத் தொட்டியில் தானே வந்து விழுந்த பின்னரே அதை மோட்டார் தொட வேண்டும் என்பதைப் பணியாளர் வீட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பழுதைக் கண்டறிதல்

பழுதுநீக்குதலில் உடைப்பதற்குமுன் ஒதுக்கிக் காண்பதே திறமை. சுவரில் ஓதம் தென்பட்டால், அது நன்னீரா, கழிவுநீரா, மழைநீரா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓயாமல் பரவும் ஈரம் பெரும்பாலும் அழுத்தமுள்ள நன்னீர்க் குழாயினுடையது; குளித்த பின் மட்டும் மிகும் ஈரம் கழிவுக்குழாயையோ தரைப்பூச்சையோ சுட்டுவது. இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்து, நிரப்பும் வழியையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தால் கசிவு உண்டா என்பது தெரியும். பின் கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக் கசிவுள்ள கிளையைக் குறுக்கிக்கொண்டே வரலாம். கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியில் சிறிது வண்ணத்தைக் கரைத்து அரை மணி நேரம் கழித்துக் கழிகலனில் நிறம் தென்பட்டால், அடிவாஷர் தேய்ந்திருக்கிறது என்பது உறுதி. சொட்டும் குழாயைச் சிறு குறையென ஒதுக்குவோர் உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் குறைத்துக் கொண்டாலும் அது நான்கு லிட்டரைத் தாண்டும்.

ஒரு பழுது மட்டும் பணியாளரின் கைக்கு அப்பாற்பட்டது. செப்டிக் தொட்டியிலும் ஆழமான சேம்பரிலும் தேங்கும் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உயிர்க்கொல்லிகள். பின்னது அழுகிய முட்டை நாற்றமுடையதாயினும், செறிவு மிகும்போது மோப்ப உணர்வையே மரக்கச் செய்வதால், நாற்றமில்லை என்பது ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகாது. காப்புக் கருவிகளின்றி மனிதரைச் செப்டிக் தொட்டியிலோ சாக்கடையிலோ துப்புரவுக்காக இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. வீட்டார் வற்புறுத்தினாலும் இறங்க மறுத்து, உறிஞ்சு வண்டியை வரவழைப்பதையும் தொழில்திறனுள் ஒன்றாகவே கற்பிக்க வேண்டும்.

இத்திறன்களையெல்லாம் ஒருவர் கற்றுக்கொண்டாரா என்று அறிய, காடி வெட்டுவதற்குமுன் வரைபடத்தை அவர்முன் விரித்து இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும். இக்குழாயில் நீர் நுழையும்போது உள்ளிருக்கும் காற்று எவ்வழியே வெளியேறும்? இங்கிருந்து நீர் வடியும்போது அவ்விடத்திற்குக் காற்று எவ்வழியே வரும்? ஒவ்வொரு கிளைக்கும் இவ்விரண்டிற்கும் விடை சொல்ல முடிந்தால் சுவரை வெட்டத் தொடங்கலாம். ஏதேனும் ஒரு கிளைக்கு விடை இல்லையெனில், பின்னொரு நாள் பூச்சை உடைக்கப்போகும் இடம் அந்த வரைபடத்திலேயே குறிக்கப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.